யாருக்கும் இல்லாத முகம்

அனிமேஷனில் ஆவணப்படம் எடுக்கிறவர்களுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: "கார்ட்டூனா, குழந்தைங்களுக்கு ரொம்பப் புடிக்குமே" என்பவர்கள் ஒரு வகை, "ஆவணப்படமா, அத யாரு பாக்கறது" என்பவர்கள் இன்னொரு வகை. என் வீட்டில் இரண்டு வகையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

கேமரா முன்னால் வந்து பேச முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேசினால் வேலை போகும், வீட்டில் சண்டை வரும், ஊரில் பெயர் கெடும். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, முகத்தைக் காட்டாமல் படமாக வரைந்து ஓடவிடுவதுதான் எங்கள் தொழில். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி நான் ஒரு கல்யாணத்தில்கூட நிம்மதியாகச் சாப்பிட்டது கிடையாது. தன் வேலை என்னவென்று சொல்லத் தெரியாமல் முழிக்கிற எல்லோரும் எனக்குத் தோஸ்துதான். இது உங்களுக்காக எழுதுவது.

சிரிக்கிற ஆடு

எங்கள் ஸ்டுடியோ ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஸ்டுடியோ என்றால் ரொம்பக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மைக், நான், இம்ரான். இம்ரான் வரைவான். நான் ஆட்களைத் தேடிப் போய்ப் பேசி, பதிவு செய்து, கதையை எழுதி, மிச்ச நேரத்தில் எல்லோரிடமும் திட்டு வாங்குவேன். காலையில் கீழே பிரியாணி அண்டாவின் தம் உடைத்து வாசனை மேலே வந்துவிட்டால் அதற்கப்புறம் எங்களிடம் யாரும் வேலை வாங்க முடியாது.

மாடியின் சொந்தக்காரரும் கீழ்க்கடை பாய்தான். நாங்கள் வந்த புதிதில், கடைக்கு ஒரு பொம்மை விளம்பரம் போட்டுத் தரச் சொன்னார். ஆடு ஒன்று ரோட்டில் நின்று ஹைவேயில் போகிற கார்களைக் கை காட்டி நிறுத்தி, கடைக்குள் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வரும்போது சிரிக்க வேண்டும். "ஆடு எதுக்கு பாய் சிரிக்கும்? அதோட நெலமய யோசிச்சுப் பாருங்க" என்றேன். சமூகப் பிரச்சினைகளைப் படமாக்குகிறவள் அல்லவா, ஆட்டின் பக்கம் நிற்காமல் எப்படி? பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம கடைல வேகறோம்னு அதுக்கு ஒரு பெருமை இருக்காதாம்மா?"

முதுகு பேசுகிறது

வேலூரில் பெண்களுக்கான அமைப்பு ஒன்றை நடத்துகிற ஒரு மேடம் எங்களைத் தேடி வந்தார். ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களின் கழிவறைப் பிரச்சினையைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்றார். பணம் கம்மி, அவசரம் ஜாஸ்தி. எங்களிடம் வருகிற எல்லா வேலையும் அப்படித்தான் இருக்கும் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

மேடம் ஏற்கெனவே ஒரு முறை கேமராவில் எடுத்துப் பார்த்தவர். ஒரு பெண்ணை முதுகு காட்டி உட்கார வைத்து, குரலையும் மாற்றி, எல்லா ஜாக்கிரதையும் செய்துதான் எடுத்திருக்கிறார். படத்தைப் பார்த்த டெய்லர் ஒருவர், ஜாக்கெட் முதுகில் இருந்த தையலை வைத்தே "இது நான் தெச்சது, இன்னார் வூட்டுக்கு" என்று கடை வாசலில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார். தன் தொழிலில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெண் அதற்கப்புறம் மேடத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாராம். மேடம் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், அப்புறம் சங்கடமாகப் போயிற்று.

"அதனால முதுகையும் நீங்களே வரைஞ்சுடுங்க ஸ்டெல்லா. நம்ம ஊர்ல மூஞ்சிய விட முதுகுதான் ஜாஸ்தி பேசுது."

பெடல் படகு

பேசுவதற்கு ஓர் அம்மா முன்வந்தார். அவர் பெயர் மரகதம் இல்லை, ஆனால் நான் மரகதம் என்றே சொல்கிறேன். ஒரு பெரிய ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவர். லைன் என்றால் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பதற்கு வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்கள். ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வேலை போய்க்கொண்டே இருக்கும். எங்கே உட்கார்ந்து பேசலாம் என்று கேட்டேன். அவர் வீடு வேண்டாம், சுவர் மெல்லிசு. எங்கள் ஸ்டுடியோ வேண்டாம், கீழே பாதி ஊர் சாப்பிட வருகிறது. சர்ச் வேண்டாம், கோவில் வேண்டாம், பஸ் ஸ்டாண்ட் கூடவே கூடாது. கடைசியில் அவரே ஓர் இடம் சொன்னார்: ஏலகிரி, ஞாயிற்றுக்கிழமை, ஏரி நடுவில் பெடல் படகு.

வீட்டுக்காரரும் மகளும் கரையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் மரகதம்மாவும் ஒரு வாத்துப் படகில் ஏறி மிதித்தோம். மடியில் மைக், காலில் பெடல், தலையில் வெயில். நடு ஏரி வந்ததும் அவர் ஆரம்பித்தார். லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். அது சூப்பர்வைசர் மேஜை பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்து ஆணியில் ஏறும்வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. எடுக்கும்போது எல்லோரும் பார்ப்பார்கள். போய் வருவதற்குள் மிஷின் பக்கத்தில் வேலை குவிந்துவிடும், டார்கெட் போர்டில் நம்பர் குறையும், சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசுவார். அதனால் வீட்டில் எழுந்ததிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அவருக்கு அடிக்கடி காய்ச்சலும் எரிச்சலும் வரும். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டதாம்.

இதெல்லாம் பழகிப்போனதுதான், இதற்காகப் பேச வரவில்லை என்றார். மகள் படிப்பை முடித்துவிட்டு அதே கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் காலையில் அவள் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்தாள். "நான் அத எடுத்து பாதிய சிங்க்ல கொட்டிட்டு மூடி வெச்சேன். எதுக்கும்மான்னு கேட்டா. போகப் போகத் தெரியும்னு சொன்னேன். பெத்த பொண்ணு தண்ணிய நானே கொட்டிட்டேன், ஸ்டெல்லா." இந்த இடத்தில் நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டேன். படகு நேராகப் போய், தோளில் தோள் சாய்த்திருந்த புது ஜோடி ஒன்றின் படகில் இடித்தது. அந்தப் பையன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. ரெக்கார்டிங் முழுக்க பெடல் சத்தம், இடித்த இடத்தில் ஓர் அலறல். கரைக்குத் திரும்பும்போது, தன்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது, பிடித்தால் தன் வேலையும் மகள் வேலையும் ஒரே நாளில் போய்விடும் என்று மரகதம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். இறங்குகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் எப்டி வேணா மாத்திக்கோ. தண்ணிய கொட்டினத மட்டும் மாத்தாத. அப்புறம், என்ன அழுவுற மாதிரி போடாத, நான் அழல."

மூக்குத்தி இரண்டு

இம்ரானிடம் ஒரே ஓர் உத்தரவுதான் போட்டேன். இந்த முகம் மரகதம்மா முகமாக இருக்கக் கூடாது, எனக்குத் தெரிந்த யார் முகமாகவும் இருக்கக் கூடாது, உனக்குத் தெரிந்த யார் முகமாகவும் இருக்கக் கூடாது. இதற்கு முன்னால் ஒரு படத்தில் அவன் அவசரத்துக்குத் தன் மாமியாரை வரைந்துவைத்து, வீட்டில் ஒரு மாதம் பேஜாரானது எனக்குத் தெரியும்.

அவன் மனதார உழைத்தான். மரகதம்மா ஒல்லி; இவளைப் பூசினாற்போல் போட்டான். அவருக்குச் சின்ன மூக்கு. இவளுக்குப் பெரிய மூக்கு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. புருவம் நடுவில் சேர்ந்திருக்கும். முன்பல் ஒன்று பக்கத்துப் பல் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். வலது தாடையில் ஒரு மச்சம். நெற்றியில் முடி சுருண்டு விழும். பார்க்கப் பார்க்கப் பிடித்துப் போகிற முகம். "இந்த மூஞ்சி உலகத்துலயே யாருக்கும் இல்லக்கா, கேரண்டி" என்றான். படம் வரைகிறவர்கள் கேரண்டி கொடுத்தால் நம்பாதீர்கள் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நம்பினேன். போனில் மரகதம்மாவுக்குக் காட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இது யார் என்று கேட்டார். நீங்கதான் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா கீறாங்க. என்ன விட தைரியமா கீறாங்க. இவங்கள பேசச் சொல்லு."

சித்தியின் குரல்

முகம் ஆயிற்று, குரல் வேண்டும். மரகதம்மா குரலை அப்படியே போட முடியாது, பெடல் சத்தம் வேறு. சென்னையிலிருந்து ஒரு டப்பிங் பெண்ணை வரவழைத்தேன். அவர் பேசியதைக் கேட்டால் தையல் லைனில் உட்கார்ந்தவர் மாதிரி இல்லை, டிவியில் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. "டோக்கன்" என்ற வார்த்தையைக்கூட அவர் கொஞ்சிக்கொண்டு சொன்னார். மரியாதையாகச் சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தேன்.

வேறு வழியில்லாமல் என் சித்தியைக் கூப்பிட்டேன். கணியம்பாடிப் பக்கத்தில் இருக்கிறார், ரிட்டயரான நர்ஸ், குரலில் நல்ல அதட்டல். எழுதிக் கொடுத்ததைப் படித்தால் போதும். ஆனால் வாழ்நாள் முழுக்க நோயாளிகளை மிரட்டியவர் வாயைக் கட்டிப்போட முடியுமா? "தண்ணி குடிக்க மாட்டேன்" என்ற வரி வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு மைக்கைப் பார்த்தே திட்ட ஆரம்பித்தார். அடக்கி வைத்தால் என்னென்ன வரும் என்று உடம்பின் ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். இம்ரான் வெட்கப்பட்டு ஹெட்போனைக் கழற்றினான். சித்தி, இது நீங்க சொல்றது இல்ல, அந்தம்மா சொல்றது என்று நானும் எத்தனை முறை சொல்வேன்? பாதி நாள் போயிற்று. கடைசியில், பாட்டில் தண்ணீரைக் கொட்டுகிற இடம் வந்தது. சித்தி அதைத் தனக்குள் ஒரு முறை படித்தார். அப்புறம் சத்தமே உயர்த்தாமல், ஒரே டேக்கில் சொல்லி முடித்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இத்தினி வருசம் எங்கிட்ட வந்தவங்கள எல்லாம் ஏன் தண்ணி குடிக்கலன்னு திட்டித்தான் அனுப்பினேன். ஏன்னு ஒருத்தியயும் கேக்கல, தெரியுமா?"

சூரியன் உதிக்க வேண்டும்

படம் முக்கால்வாசி முடிந்ததும் மேடம் பார்க்க வந்தார். எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் கடைசியில் ஒரு நம்பிக்கை வேண்டும் என்றார். கம்பெனி கேட்டுக்குப் பின்னால் சூரியன் உதிக்கட்டும், பெண்கள் எல்லோரும் கை கோத்துச் சிரித்துக்கொண்டு வரட்டும். எங்கள் தொழிலில் இது ஒரு நோய். எவ்வளவு பெரிய கஷ்டத்தைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சூரியனைக் கேட்பார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் உதிக்கிற சூரியன் மட்டும் வேறு வேறு கலரில் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிறது. நான் பதில் சொல்வதற்குள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இம்ரான் சொன்னான்:

"சூரியன் வந்தா வேர்க்கும் மேடம். வேர்த்தா தாகம் எடுக்கும். பாவம், மறுபடியும் டோக்கன் கேக்கணும்."

சூரியன் இல்லாமலே படம் முடிந்தது.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு

முதல் திரையிடல் மகளிர் தினத்துக்கு, ஆம்பூர் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தைய நாள் நடந்த கல்யாணத்தின் வாழை மரத்தைக்கூடக் கழற்றவில்லை. மணமக்கள் பெயர்ப் பலகையை மறைத்துத்தான் திரை கட்டினோம். பல கம்பெனிகளிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். மரகதம்மாவும் மகளோடு வந்து, எனக்குத் தெரியாதவர் போல நடு வரிசையில் உட்கார்ந்தார். என் கண் திரையில் இல்லை, அவரைச் சுற்றி இருந்தவர்கள் மேல்தான் இருந்தது. யாராவது அவரைத் திரும்பிப் பார்த்தால் தீர்ந்தது கதை.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் பின் வரிசையில் சலசலப்பு. ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள், நாலைந்து பேர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். நான் மெதுவாகப் போய் என்னம்மா என்று கேட்டேன். மரகதம்மா வேலை செய்கிற அதே கம்பெனிதான், ஆனால் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரண்டாவது யூனிட்டிலிருந்து வந்தவர்களாம். அங்கே அமுதா என்று ஒரு பெண் இருக்கிறாளாம். அமுதாவுக்குப் பொண்ணு ஏதுடி, ரெண்டும் பையனாச்சே என்று ஒருத்தி சந்தேகப்பட்டாள். பக்கத்தில் இருந்தவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பொண்ணு, பையன்லாம் இன்னாவாவது இருக்கட்டும். ரெண்டு மூக்குத்தி, தெத்துப்பல்லு, மச்சம். அமுதா இல்லாம இது வேற யாருடி?"

கதவைத் திறந்துகொண்டு வந்த படம்

அந்த வார சனிக்கிழமை மதியம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாசலில், நாங்கள் மூன்று மாதமாக வரைந்து, நடக்கவிட்டு, பேசவிட்ட பெண் நின்றுகொண்டிருந்தாள். அதே புருவம், அதே மச்சம், நெற்றியில் அதே சுருள் முடி. இம்ரான் டீ கிளாஸோடு எழுந்து நின்றான். அவனுடைய திரையில் அந்த முகம் பெரிதாகத் திறந்து கிடந்தது. அதை மூடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "என் மூக்கு நெஜமாவே இவ்ளோ பெருசாவா கீது?" என்றாள். இம்ரான் மூக்கைச் சின்னதாக்கிவிடுகிறேன் என்று உளறினான். சிரிக்கிற நிலைமை இல்லை, ஆனால் மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அப்புறம் உட்கார்ந்து சொன்னாள். வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது. திங்கட்கிழமை எச்.ஆர். ரூமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான், வீட்டுக்காரர் படுத்த படுக்கை. யாரையும் மாட்டிவிடக் கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தோம்! நானே கம்பெனிக்கு வந்து, இது கற்பனை முகம் என்று சொல்கிறேன் என்றேன். சொன்னால் அவர்கள் கேட்கப்போகிற அடுத்த கேள்வி "அப்ப பேசினது யாரு?" என்பது எனக்கே உடனே உறைத்து, வாயை மூடிக்கொண்டேன். அமுதா என் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டாள். பேசினது யார் என்று இவளும் கேட்பாள், சொல்லாமல் இருக்க முடியாது, என்ன செய்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அவளே கையைக் காட்டித் தடுத்தாள்.

"பேசினது யாருன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சுதுன்னா திங்கக்கெழம என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

மரகதம்மாவின் போன்

விஷயம் மரகதம்மா காதுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருந்து வெளியே வருகிறேன், போன். அந்தப் பெண் யார், எந்த யூனிட், எத்தனை பிள்ளைகள் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். தானே போய் நான்தான் என்று சொல்லிவிடப் போகிறாராம். மகள் வேலை, உங்கள் வேலை, இதற்காகத்தானே நடு ஏரியில் போய்ப் பேசினோம் என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை என்ன ஆகிறது என்று பார்ப்போம், அமுதாவுக்கு வேலை போனால் அன்றைக்கே சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன் என்று ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். போனை வைக்கும்போதும் அவர் கோபம் தணியவில்லை. கோபம் என் மேல் இல்லை, ஆனால் வாங்கிக்கொண்டது நான்தான்.

"தண்ணிய கொட்டினது நானு. அந்தப் பொண்ணு எதுக்கு நனையணும்?"

எச்.ஆர். ரூம்

திங்கட்கிழமை எங்கள் ஸ்டுடியோவில் ஒரு கோடுகூட வரையப்படவில்லை. கீழே தம் உடைத்ததும் தெரியவில்லை. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் அமுதா போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள், ஆனால் குரலில் ஒரு குஷி இருந்தது.

எச்.ஆர். சார் போனை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாராம், பாஸ்போர்ட் ஆபீசில் பார்ப்பதுபோல. மேனேஜரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். உனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டார்கள். ரெண்டும் பையன் சார், ரெக்கார்டுல பாருங்க என்றாள். குரல் உன்னுடையது இல்லையே என்றார்கள். இல்ல சார் என்றாள். அப்புறம் எப்படி உன் முகம் அதில் வந்தது என்றார்கள். எங்கம்மாவத்தான் கேக்கணும் சார் என்றாள். மேனேஜருக்குச் சிரிப்பு வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். சரி, நீ இல்லை, அப்படியென்றால் அந்தப் படத்தில் சொல்வதெல்லாம் பொய் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்று பேப்பரை நீட்டினாராம் எச்.ஆர். போட்டிருந்தால் அவள் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். வேலை பத்திரம், வீடு பத்திரம். அமுதா பேனாவை எடுக்கவில்லை.

"நான் சொல்லல சார். ஆனா எங்கிட்ட கேட்டிருந்தா, இதையேதான் சொல்லியிருப்பேன்."

ஜன்னல் சீட்

அதற்கப்புறம் கம்பெனி என்ன செய்தது? கம்பெனிகள் என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிற சமயம் என்பதால் யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. லைனுக்கு ஒரு டோக்கன் என்பது மூன்று டோக்கன் ஆனது. அமுதாவை மட்டும், நிர்வாக வசதி என்று சொல்லி, மரகதம்மா இருக்கிற இந்தப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்து தூரம் ஜாஸ்தி, கம்பெனி பஸ்ஸில் கூடுதலாக ஒரு மணி நேரம், ஏறுகிற இடத்தில் பஸ் ஏற்கெனவே நிரம்பி வரும். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது. மரகதம்மாவுக்குப் போன் செய்து சொன்னபோது, எந்த பஸ், எந்த ஸ்டாப் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் அமுதா பிரியாணி வாங்க வந்தவள், மாடிக்கும் வந்தாள். புது யூனிட் எப்படி என்று கேட்டேன். வேலை அதே வேலைதான், தூரம்தான் கஷ்டம், ஆனால் பஸ்ஸில் ஒரு வினோதம் என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. இம்ரான் திரையைப் பார்க்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"யாருன்னே தெரியலக்கா, ஒல்லியா ஒரு அம்மா, பொண்ணோட வருவாங்க. நான் ஏறினதும் எழுந்து, ஜன்னல் சீட்ட எனக்குக் குடுத்துட்டு, கம்பெனி வர்ற வரைக்கும் நின்னுகினே வர்றாங்க. ஏம்மான்னு கேட்டா, பையிலேர்ந்து தண்ணி பாட்டில எடுத்து நீட்டி, மொதல்ல குடின்றாங்க."

இத்தனை நாள் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: முகத்தை மாற்றலாம், குரலை மாற்றலாம், ஊரையே மாற்றலாம், ஆனால் இந்தக் கதை மட்டும் எந்த முகத்தில் கொண்டுபோய் வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கிறது.